எட்டு வருடம் நின்ற லாரியைக் கிளப்பும் முன்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் டாடா 1210 லாரி 2016 முதல் எட்டு வருடத்துக்கு மேலாக ஷெட்டில் நிற்கிறது. நிறுத்தும்போது இன்ஜின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்தாலே கிளம்பிவிடும் என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். செய்யலாமா?
— வாசகர், சங்ககிரி

பதில்: கிளம்பினாலும் கிளம்பிவிடும், சிக்கலே அதில்தான் இருக்கிறது. இத்தனை வருடம் நின்ற டீசல் இன்ஜினில் முதலில் பார்க்க வேண்டியது, கிளம்பிய பிறகு அதை நிறுத்த முடியுமா என்பது. டீசல் இன்ஜினுக்குச் சாவியை அணைத்தால் நிற்கும் தீப்பொறி கிடையாது. டீசலோ ஆயிலோ உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரை ஓடும். டீசல் பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பியான ரேக் துருப்பிடித்து முழு டீசல் நிலையில் இறுகியிருந்தால், இன்ஜின் ரேஸ் ஆகி, அதாவது கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துக்கொண்டே போய் கனெக்டிங் ராடு பிளாக்கை உடைத்து வெளியே வரும். எனவே பேட்டரி கடைசியில்தான்.

முதலில் ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். எலிக்கூடு இருக்கும் என்று எதிர்பார்த்தே கழற்றலாம். பழைய லாரிகளில் இருப்பது பெரும்பாலும் ஆயில் பாத் ஏர் கிளீனர், அதாவது அடியில் உள்ள ஆயிலில் தூசியைப் பிடிக்கும் வகை. அதில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் அடியில் தண்ணீர் தங்கி ஆயில் மேலே ஏறியிருக்கும். அப்படியே ஓட்டினால் இன்ஜின் அந்த ஆயிலை உறிஞ்சி அதிலேயே ஓடும். டீசலை மூடினாலும் நிற்காது. கழுவி, குறியிட்ட மட்டம் வரை மட்டும் புது ஆயில் ஊற்றுங்கள்.

அடுத்து ஆயில் சம்ப், அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி. டிப்ஸ்டிக்கில் மட்டம் கூடியிருந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை, டீசலோ தண்ணீரோ இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பிளக்கை மெதுவாகத் தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர்தான் முதலில் வரும். முழுவதும் வடித்து, ஃபில்டர் மாற்றி, 15டபிள்யூ-40 ஆயில் ஊற்றுங்கள். விலை உயர்ந்த ஆயில் இப்போது வேண்டாம், எப்படியும் சீக்கிரமே வடிக்கப்போகிறோம்.

இனி இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்கலாம். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசில்களையும் கழற்றி, பம்ப் நாசில் கடையில் டெஸ்ட் செய்யக் கொடுத்துவிடுங்கள். நாசில் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 மில்லி இன்ஜின் ஆயிலும் டீசலும் சரிபாதி கலந்து ஊற்றி, இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானர் மாட்டி, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரம் சுற்றும் திசையில் கையால் சுற்றுங்கள். நகரவில்லையென்றால் முன்னும் பின்னுமாகச் சிறிது அசைத்து, மறுபடி ஊறவிடுங்கள். ஸ்பானரில் நீளமான பைப்பைச் சொருகி ஏறி மிதிக்கிற வேலை வேண்டாம். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருந்தால் ரிங்தான் உடையும். ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே மலிவு.

கையால் சுற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த 5.7 லிட்டர் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 60 மில்லிதான். ஹெட் கேஸ்கெட் கசிந்து அதைவிட அதிகத் தண்ணீர் தேங்கியிருந்தால், தண்ணீரை அமுக்க முடியாது; செல்ஃப் மோட்டார் ஒரே அடியில் ராடை வளைத்துவிடும். நாசில் கழற்றியிருந்தால் தண்ணீர் அந்தத் துளை வழியாகப் பீய்ச்சி வெளியேறும். சுற்றும்போது துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள்.

வால்வுகளுக்கு மேலே உள்ள மூடியான ராக்கர் கவரையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கிராங்க் இரண்டு முழுச் சுற்று வருவதற்குள் பன்னிரண்டு வால்வும் இறங்கி ஏறவேண்டும். ஏதாவது இறங்கிய இடத்திலேயே நின்றால் மேற்கொண்டு சுற்றாதீர்கள், பிஸ்டன் வந்து தட்டும். வால்வுத் தண்டில் டீசல் விட்டு ஊறவைத்து, பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளாஸ்டிக் சுத்தியலால் லேசாகத் தட்டினால் பெரும்பாலும் விடுபடும்.

இப்போது பம்ப். பக்கவாட்டு மூடி உள்ள பம்பாக இருந்தால் அதைத் திறந்து, ரேக் விரலால் தள்ளினாலே வழுக்கிப் போகிறதா, இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்தால் முழுவதும் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாமல் பம்பையே கழற்றிக் கடைக்குக் கொடுங்கள். சில பழைய மைகோ பம்புகளில் வாக்குவத்தில் இயங்கும் கவர்னர் (வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) இருக்கும். அதன் டயாஃப்ரம் காய்ந்து கிழிந்திருந்தால் ஸ்பிரிங் ரேக்கை முழு டீசலுக்குத் தள்ளிவிடும். சோதிக்க எளிய வழி: ஸ்டாப் லீவரை இழுத்துப் பிடித்து, வாக்குவம் குழாய் மாட்டும் துளையை விரலால் அடைத்து, லீவரை விடுங்கள். சிறிது நகர்ந்து நின்றுகொண்டால் டயாஃப்ரம் நன்றாக இருக்கிறது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டும்.

நாசில்களைப் புதுச் செம்பு வாஷர் போட்டுத்தான் மாட்ட வேண்டும். மாட்டும் முன், நாசில் இல்லாத நிலையில் ஸ்டாப் கேபிளை இழுத்துக் கட்டிவிட்டு, 15 விநாடி செல்ஃப், இரண்டு நிமிடம் ஓய்வு என்று ஆயில் பிரஷர் முள் எழும் வரை சுற்றுங்கள். ஊறவைத்த ஆயிலும் அப்போதே வெளியேறிவிடும்.

முதல் ஓட்டத்துக்கு டேங்கை நம்பாமல், 10 லிட்டர் கேனில் புது டீசல் வைத்து, ஃபீட் பம்புக்குப் போகும் குழாயையும் ரிட்டர்ன் குழாயையும் அதிலேயே விடுங்கள். ஃபீட் பம்பின் கைப்பம்பை அழுத்தி, முதலில் ஃபில்டர் ஸ்க்ரூவிலும், பிறகு பம்ப் ஸ்க்ரூவிலும் குமிழி வராமல் டீசல் வழியும் வரை குழாயில் சிக்கிய ஏரை வெளியே எடுங்கள். கடைசியில் நாசில் பக்கத்து நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்கலாம். அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி குறைவாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

ரேடியேட்டரில் தண்ணீர் நிறைத்து, சக்கரங்களுக்குக் கட்டை போட்ட பிறகு இரண்டு பேராக நில்லுங்கள். ஒருவர் ஸ்டாப் கேபிளில் கை வைத்து கேபினில். இன்னொருவர் ஏர் கிளீனர் கழற்றிய குழாய் வாயருகே, அதை முழுதாக மூடும் அளவுள்ள கெட்டிப் பலகையோடு. ஸ்டாப் கேபிள் வேலை செய்யாமல் ரேஸ் ஆனால் பலகையால் வாயை அடைப்பதுதான் வழி. கையால் அடைக்கக் கூடாது, துணியை இன்ஜின் உள்ளே இழுத்துக்கொள்ளும். கேன் குழாயைப் பிடுங்கினாலும் உடனே நிற்காது. ஃபில்டரிலும் பம்பிலும் மிச்சமிருக்கும் டீசலே கொஞ்ச நேரம் ஓட்டும்.

கிளம்பியதும் ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள். 10 முதல் 15 விநாடிக்குள் ஆயில் முள் எழவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். எழுந்தால் ஐட்லிங்கில் 20 நிமிடம் ஓடட்டும். நிறுத்தி, ஆறியதும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலக்கிறது. அத்தோடு ஓட்டக் கூடாது.

கேள்வி: ஏர் குழாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டினால் உடனே பிடிக்கும் என்கிறார்களே? ஸ்ப்ரே அடிக்கலாமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். பெட்ரோலும் ஈத்தர் ஸ்ப்ரேயும் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே வெடிக்கும். காய்ந்து நின்ற இன்ஜினில் ரிங் உடைவதும் பிஸ்டன் விரிசல் விடுவதும் அப்படித்தான். இன்டேக்கில் ஹீட்டர் உள்ள இன்ஜின் என்றால் ஆள் முகத்திலேயே தீ அடிக்கும். நல்ல பேட்டரியும் ஏர் இல்லாத டீசலும் இருந்து, நம் ஊர் வெயிலில் கிளம்பவில்லையென்றால் கம்ப்ரஷன் குறைவு. அதற்கு மருந்து டப்பாவில் இல்லை.

கேள்வி: இன்னொரு லாரியில் கயிறு கட்டி இழுத்து, கியர் போட்டுக் கிளப்பலாமா?
— வாசகர், திருச்செங்கோடு

பதில்: கூடாது. பிரேக்குக்கான ஏர் ஏறாத வண்டியில் பிரேக்கை நம்ப முடியாது. இன்ஜின் திடீரென்று பிடித்தால் முன்னால் போகும் லாரியில்தான் போய் மோதும். மேலும், உள்ளே வால்வு சிக்கியிருந்தால் செல்ஃபாவது திணறி நின்றுவிடும். இழுக்கிற லாரி நிற்காது.

கேள்வி: டேங்கில் 100 லிட்டருக்கு மேல் பழைய டீசல் கிடக்கிறது. வடிகட்டிப் பயன்படுத்தலாமா?
— வாசகர், கரூர்

பதில்: வருடக்கணக்கில் நின்ற டீசலில் பிசின் கட்டும், அடித் தண்ணீரில் பாசி போன்ற கறுப்புக் கசடு வளரும். துணியில் வடிகட்டினால் தண்ணீர் போகாது. பாகங்கள் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டேங்கை இறக்கிக் கழுவி, உள்ளே துரு உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் டேங்கை மாற்றுவது நல்லது. துரு போய்க் கெடுக்கும் பம்ப் எலிமென்ட்டின் (பம்பின் உள்பாகம்) விலையைக் கேட்டால் டேங்க் விலை சின்னதாகத் தெரியும்.

கேள்வி: இன்ஜின் கிளம்பிவிட்டது. ஆனால் கிளட்சை மிதித்தாலும் கியர் விழாமல் கரகரக்கிறது.
— வாசகர், சேலம்

பதில்: கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு துருவில் ஒட்டியிருக்கிறது. இன்ஜினை அணைத்து, பெடலை முழுக்க அழுத்திய நிலையில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு இன்ஜினை நன்றாகச் சூடேற்றிப் பாருங்கள், பல நேரம் விட்டுவிடும். விடாவிட்டால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதுதான். கியரில் வைத்துச் செல்ஃப் அடித்துப் பிரிக்கும் வித்தையைச் சுவருக்கு நேராக நிற்கும் வண்டியில் யாரும் செய்யாதீர்கள்.

கேள்வி: கிளப்பி அரை மணி நேரமாகியும் வெள்ளைப் புகை நிற்கவில்லை.
— வாசகர், தர்மபுரி

பதில்: ஊற்றிய ஆயில் எரிந்து வரும் நீலப் புகை முதல் 20 நிமிடத்தில் குறைந்துவிடும். கண்ணை எரிக்கும் டீசல் வாசனையோடு வெள்ளையாக வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை. ஐட்லிங்கில் ஒவ்வொரு நாசில் நட்டையும் துணி சுற்றி, ஸ்பானரால் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள்: குறை நாசிலோடு போனால் நாசில், அங்கேயே நின்றால் ரிங் அல்லது வால்வு. ஒட்டிய ரிங் சில மணி நேர ஓட்டத்தில் விடுபடுவதும் உண்டு. அதனால் ஆயிலை 50 மணி நேரத்தில் மாற்றி, அதன்பின் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு ஹெட்டில் கை வையுங்கள். புகையில் டீசல் வாசனை இல்லாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது; ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள்.