உபதேசியார் தாண்டிப்போன வசனம்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த சேமலாப நிதிப் பணத்தை (ஓய்வுக்கால வைப்புப் பணத்தை) வாங்கி அண்ணன் கடை போட்டார். அம்மாவின் வைத்தியத்துக்குக் கேட்டபோது அப்படியொரு பணமே இல்லை என்றார். அம்மா இறந்த பிறகு அவரோடு நான் பேசுவதில்லை. நடந்ததைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்கிறார் உபதேசியார். மன்னித்தால் மனம் ஆறும் என்கிறாள் தோழி. இந்தக் கசப்போடு நத்தார் திருவிருந்தில் பங்குபெறலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

தோழி சொன்னதை விடுங்கள். தலைவலி மாத்திரைபோல விழுங்குவதற்கு இயேசு மன்னிப்பைத் தரவில்லை.

உபதேசியாரோடுதான் எனக்குச் சண்டை. அவர் காட்டியது மத்தேயு 18-ஆம் அதிகாரம், 22-ஆம் வசனம். அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தை ஏன் தாண்டிப் போனார்? குற்றம் செய்த சகோதரனிடம் தனியே போய் அதை அவனுக்கு உணர்த்தச் சொல்கிறது அது. லூக்கா 17:3 இன்னும் வெளிப்படை: முதலில் கடிந்துகொள், அவன் மனம் வருந்தினால் மன்னித்துவிடு.

உங்கள் கடிதம் வந்தபோது என் அத்தையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை அவரிடம் எப்போதும் கூடுதலாகவே கிலோ வெட்டுவார். தட்டிக் கேட்ட அன்று அரைப்பேர் போட்டார் (அரைநாள் சம்பளம்தான்), எல்லோர் முன்னும் திருடி என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் சுவிசேஷம் வாசிப்பவரும் அவரே. அத்தை ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினார். போதகர் லயத்துக்கு வந்து ஜெபித்தார், மன்னிக்கச் சொன்னார். கணக்கப்பிள்ளையின் வாசலை மட்டும் மிதிக்கவில்லை. "வந்து கேட்கட்டும் ஐயா, கொடுக்கிறேன். கேட்காதவருக்கு எப்படிக் கொடுப்பது?" என்றார் அத்தை. பிடிவாதக்காரி என்று சபை முடிவு கட்டியது. அத்தை சொன்னது வேதத்தில் இருப்பது.

மத்தேயு 5:23-24-ஐ எடுத்துப் பாருங்கள். காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்பவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வருகிறது. அவனைத்தான் இயேசு போகச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடமோ எருசலேமில், மூன்று நான்கு நாள் நடை. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு அவ்வளவு தூரம் திரும்பி நட, ஒப்புரவாகிவிட்டு வா என்கிறார். லேவியராகமம் 6-இல், பிறனை வஞ்சித்தவன் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலியும் அப்போதுதான். நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு சொன்ன பிறகே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார் இயேசு. அவனிடம் ஏமாந்தவர்களைக் கூட்டி, பாவம், மன்னித்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. தோட்டத்தில் பலருக்கு வாழ்நாளில் மொத்தமாகக் கையில் வருவது, பெண்கள் 50 வயதில் எடுக்கக்கூடிய அந்தச் சேமலாப நிதிதான். உங்கள் அம்மாவின் முதுகு வளைந்து வந்த காசு அது. அதை எண்ணி நீங்கள் அழுவது பாவமே இல்லை, அம்மா.

சிலுவையில் யாரும் கேட்காமலே மன்னிக்க வேண்டினாரே என்பீர்கள். பிதாவிடம் வேண்டினார். நீங்களும் இன்றிரவே அண்ணனுக்காக வேண்டலாம், வேண்டத்தான் வேண்டும். பழிவாங்கும் எண்ணத்தைக் கர்த்தர் கையில் கொடுத்துவிடுங்கள். அதனால் அண்ணனின் கடன் தீர்ந்துவிடாது.

ஆனால் உங்களையும் விடமாட்டேன். சொந்தக்காரர் எல்லோருக்கும் சொன்னீர்களே, அண்ணனிடம் சொன்னீர்களா? வைத்தியத்துக்குப் பணம் கேட்டது வேறு. நீங்கள் செய்தது துரோகம் என்று முகத்துக்கு நேரே சொல்வது வேறு. ஊரெல்லாம் பரப்பிவிட்டு அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது கோழைத்தனம். அவர் மனந்திரும்புவதற்கான வழியையும் சேர்த்தே அடைத்துவிட்டீர்கள்.

திருவிருந்தில் பங்குபெறுங்கள். அதற்கு முன் ஒரு மாலை அண்ணன் கடைக்குத் தனியாகப் போய்த் தொகையைச் சொல்லுங்கள், அம்மாவின் கடைசி நாட்களைச் சொல்லுங்கள். செவிகொடுக்காவிட்டால், அடுத்தமுறை சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிப் போகச் சொல்கிறது அதே மத்தேயு 18-இன் 16-ஆம் வசனம். உங்கள் உபதேசியாரையே கூட்டிப் போங்கள்.