கருப்பூர் மெட்டலர்ஜியா, பிரைவேட் கம்ப்யூட்டர் சயின்ஸா? கொலுசுப் பட்டறை அண்ணாவோட கேள்வி

கேள்வி: வணக்கம் மேடம். சேலம் சிவதாபுரத்துல கூலிக்கு வெள்ளிக் கொலுசு வேலை செய்றேன். நான் எட்டாவது, வீட்டுக்காரம்மா பத்தாவது. பொண்ணு எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சு நல்ல மார்க் எடுத்துருக்கு. கவுன்சிலிங்ல கருப்பூர் கவர்ன்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜ்ல மெட்டலர்ஜி, அதாவது உலோகம் பத்தின படிப்பு கிடைச்சிருக்கு, பீஸ் எல்லாம் சேர்த்து வருஷம் 18,000 ஆகும்னு விசாரிச்சோம். பாப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் ஆசை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு பிரைவேட் காலேஜ்ல மேனேஜ்மெண்ட் கோட்டாவுல தர்றேங்கறாங்க. சேரும்போது 3 லட்சம், அதுக்கு ரசீது கிடையாதாம். அப்புறம் வருஷம் பீஸ் 1,40,000, ஹாஸ்டல் 90,000. பேங்க்ல 7 லட்சம் லோன், தெரிஞ்சவர்கிட்ட 3 லட்சம் ரெண்டு வட்டிக்கு, மிச்சம் 2,20,000 சீட்டுப் பணம்னு யோசிச்சு வச்சிருக்கோம். பையன் ஒன்பதாவது படிக்கிறான். பொண்ணு வேலைக்குப் போனா அடைச்சுடலாம்ங்கறாங்க, சரியா வருமா?

பதில்: வணக்கம்ணா. முதல்ல பாப்பாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்க, வீட்ல யாரும் காலேஜ் வாசலை மிதிக்காத குடும்பத்துல இருந்து கவுன்சிலிங்ல கவர்ன்மெண்ட் காலேஜ் சீட் எடுக்கறது சாதாரண விஷயம் இல்ல.

"வேலைக்குப் போனா அடைச்சுடலாம்"னு சொல்றவங்க யாரும் எவ்வளவு அடைக்கணும்னு சொல்ல மாட்டாங்க, அதனால நாம பேப்பர்ல போட்டே பார்த்துடலாம். பேங்க் 7 லட்சத்தையும் ஒரேயடியா தராது, வருஷா வருஷம் 1,75,000-னு காலேஜுக்கு அனுப்பும், படிப்பு நாலு வருஷம் அதுக்கப்புறம் ஒரு வருஷம் வரைக்கும் நீங்க கட்ட வேண்டியதில்ல, ஆனா வட்டி முதல் நாள்ல இருந்தே ஓடிட்டு இருக்கும். வட்டி 10.5 சதவீதம்னு வச்சாலும் அந்த அஞ்சு வருஷத்துக்கு மட்டும் 2,57,000 ஏறிடும், கட்ட ஆரம்பிக்கிற அன்னைக்கு கடன் 9,57,000. பத்து வருஷத்துல அடைக்கணும்னா இஎம்ஐ மாசம் சுமார் 12,900, மொத்தமா கட்டி முடிக்கறது பதினஞ்சரை லட்சம். ரெண்டு வட்டின்னா 3 லட்சத்துக்கு மாசம் 6,000, நாலு வருஷத்துக்கு வட்டியே 2,88,000, அசல் அப்படியே நிக்கும். இதோட உங்க சீட்டுப் பணத்தையும் சேர்த்தா 12,20,000-ன்னு நீங்க நினைக்கிற படிப்பு கடைசியில இருபத்தி மூணரை லட்சத்துல வந்து நிக்குது.

அந்த மாசம் 6,000-ம் பாப்பா படிக்கும்போதே உங்க கூலியில இருந்துதான் போகணும், மறந்துடாதீங்க. வெள்ளி விலை தாறுமாறா ஏறினா ஆர்டர் படுத்துடும், ஆடியில கல்யாண ஆர்டரும் இருக்காது, ஆனா வட்டிக்காரர் ஒண்ணாம் தேதி வந்து நிப்பாரு. பேங்க் லோன்லயும் நீங்க கூட்டுக் கையெழுத்து போடறீங்க, பாப்பாவுக்கு வேலை தள்ளிப் போனா பேங்க் உங்களைத்தான் கேட்கும்.

இப்ப கருப்பூர் பக்கம் வருவோம். நாலு வருஷ பீஸ் 72,000, ஒரு லேப்டாப் 45,000, புக்கு ரெக்கார்டு ப்ராஜெக்ட்னு வருஷம் 15,000 போட்டா 60,000, ஆக 1,77,000. ஹாஸ்டல் செலவு இல்ல, மதியத்துக்கு வீட்டுச் சாப்பாடு கட்டிக்கலாம், சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல 2021-ல இருந்து பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது, புது பஸ் ஸ்டாண்ட் வந்து பஸ் மாறிப் போனாலும் காசு இல்ல. உங்க சீட்டுப் பணம் 2,20,000 இருக்கே, அதுலயே ஒரு ரூபா கடன் இல்லாம முழு டிகிரியும் முடிஞ்சு மிச்சமும் இருக்கும்.

இதுக்கு மேல சலுகையும் உண்டு. வீட்ல முதல் பட்டதாரிங்கறதால இ-சேவையில சான்றிதழ் வாங்கிக் கொடுத்தா டியூஷன் பீஸ்ல சலுகை கிடைக்கும், ஆனா கவுன்சிலிங் மூலமா சேர்ந்தாத்தான், மேனேஜ்மெண்ட் கோட்டான்னா அது போச்சு. புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும், முன்னாடி கவர்ன்மெண்ட் ஸ்கூல் பொண்ணுங்களுக்கு மட்டும் இருந்தது, 2024 டிசம்பர்ல எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் கொடுத்துட்டாங்க, ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அப்படிப் படிச்சிருந்தா காலேஜ் மூலமா விண்ணப்பிங்க, நாலு வருஷத்துக்கு 48,000. இது பிரைவேட்ல சேர்ந்தாலும் உண்டு, அதனால நான் கணக்குல சேர்க்கல. இன்ஜினியரிங் சீட்ல இருக்கற 7.5 சதவீத ஒதுக்கீட்டை யாராவது சொல்லி ஆசை காட்டினா அது கவர்ன்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்குத்தான்.

சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சா சம்பளம் ஜாஸ்தியாச்சேன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேளுங்க: மெட்டலர்ஜி முடிச்சு கிடைக்கிற சம்பளத்தை விட மாசா மாசம் 13,000 ஜாஸ்தியா, அதுவும் பத்து வருஷத்துக்கு, அந்தப் பிரைவேட் காலேஜ் டிகிரி தருமா? தந்தாத்தான் ரெண்டும் சமம், அதுலயும் ரெண்டு வட்டிப் பணத்தை நான் சேர்க்கல. 25,000 சம்பளத்துல சென்னையோ பெங்களூரோ போய் இருக்கற பொண்ணுக்கு அதுல பாதி இஎம்ஐக்கே போயிடும், ரூம் வாடகை சாப்பாடு எல்லாம் மிச்சப் பாதியில. 23 வயசுல ஆரம்பிக்கிற இஎம்ஐ 33 வயசுல முடியும், அதுக்குள்ள மேல படிக்கணும், வேற வேலைக்கு மாறணும், கல்யாணம்னு எது வந்தாலும் அந்தக் கடன் கூடவே வரும்ங்கறதுதான் எனக்கு ரொம்பக் கவலையா இருக்கு.

அந்த காலேஜ் போர்டுல பெருசா போட்டிருப்பாங்களே ஹையஸ்ட் பேக்கேஜ்னு, அது ஒரே ஒரு பையனோட சம்பளம். நீங்க வெள்ளி வாங்கும்போது டச், அதான் சுத்தம், பார்க்காம வாங்குவீங்களா, அந்த மாதிரி இங்க பார்க்க வேண்டியது மீடியன் சம்பளம், அதாவது வேலை கிடைச்ச எல்லாரையும் சம்பள வாரியா வரிசையா நிக்க வச்சா நட்ட நடுவுல நிக்கிற பிள்ளை வாங்கறது. மத்திய அரசோட என்ஐஆர்எஃப் காலேஜ் தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற காலேஜ்கள் எத்தனை பேர் முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை, மீடியன் எவ்வளவுன்னு கொடுக்கறாங்க, காலேஜ் வெப்சைட்லயே இருக்கும், பாப்பாவையே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க. கேட்டும் தரலன்னா அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கருப்பூர் காலேஜ் 1966-ல ஆரம்பிச்சது, பேருக்கு மதிப்பு இருக்கு, அதுக்காக அங்க சேர்ந்தாலே எல்லாம் தானா நடந்துடும்னு நான் சொல்ல வரல. மெட்டலர்ஜி படிச்சா பவுண்டரி, ஸ்டீல் பிளாண்ட்னு வேலை, சில இடத்துல ஷிப்ட் இருக்கும், ஆரம்பச் சம்பளம் கம்மியாவும் இருக்கலாம். ஆனா நம்ம ஊர்லயே செயில் ஸ்டீல் பிளாண்ட் இருக்கு, மேட்டூர் பக்கம் ஜேஎஸ்டபிள்யூ ஸ்டீல் பிளாண்ட் இருக்கு, கேட் பரீட்சை எழுதி எம்.டெக் போனா மாசம் 12,400 உதவித்தொகையோட படிக்கலாம். கம்ப்யூட்டர்தான் உயிருன்னா அந்தக் கதவும் மூடல, கேம்பஸ்ல ஆள் எடுக்கிற பெரிய சாப்ட்வேர் கம்பெனிங்க பல எல்லா பிராஞ்ச்லயும் எடுக்கறாங்க, ஐஐடிங்க ஆன்லைன்ல நடத்துற என்பிடெல் வகுப்பு இலவசம், மெட்ராஸ் ஐஐடியோட ஆன்லைன் டேட்டா சயின்ஸ் டிகிரியை இன்ஜினியரிங் கூடவே படிக்கலாம், வருமானத்தைப் பார்த்து பீஸும் குறைப்பாங்க. உழைப்பு ரெட்டிப்புதான், பாப்பாகிட்ட அதை ஒளிக்காம சொல்லுங்க.

அப்படியும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேணும்னு நின்னா நடுவுல ஒரு வழி இருக்கு. சேலத்துலயே வீட்ல இருந்து போற தூரத்துல உள்ள சுயநிதி காலேஜ்ல கவுன்சிலிங் சீட் கிடைக்குதான்னு பாருங்க, கருப்பூர் சீட்டை விட்டுடாம மேல உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கிற வசதி கவுன்சிலிங்லயே இருக்கு. அதுல அரசோட பீஸ் கமிட்டி நிர்ணயிச்ச கட்டணம்தான், முதல் பட்டதாரி சலுகையும் உண்டு, ஹாஸ்டல் இல்ல. 4 லட்சத்துக்குள்ள லோன்னா பேங்க்ல அடமானம் கேட்கக் கூடாது, 7.5 லட்சம் வரைக்கும் கூட அடமானம் இல்லாத லோனுக்கு அரசு கேரண்டி இருக்கு, அதனால எந்த மேனேஜர் கேட்டாலும் வீட்டுப் பத்திரத்தைக் கையில எடுத்துட்டுப் போகாதீங்க. வருஷ வருமானம் 4.5 லட்சத்துக்குள்ளன்னா படிக்கிற காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியம் இருக்கு, அந்த காலேஜுக்கு அது பொருந்துமான்னு பேங்க்ல கேட்டுக்கோங்க. மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு மட்டும் அந்த மானியத்தை நம்பி இறங்காதீங்க.

உங்க நிலைமையில நானா இருந்தா கருப்பூர்தான். சீட்டுப் பணத்துல பாப்பா படிப்பு முடியும், ரெண்டு வட்டிக்காரருக்குக் கொடுக்கப் போற மாசம் 6,000-ல பாதியை பையன் பேர்ல போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில, அதான் மாசா மாசம் கட்டற சேமிப்புல, போட்டீங்கன்னா அவன் காலேஜ் போறதுக்குள்ள ஒரு லட்சத்துக்கு மேல சேர்ந்துடும்.

அந்த ரசீது இல்லாத 3 லட்சத்தைப் பத்தி: நன்கொடை வாங்கறதைத் தடுக்க தமிழ்நாட்டுல 1992-லயே சட்டம் இருக்கு. ரசீதோட கட்டின பீஸ்னா குறிச்ச தேதிக்குள்ள விலகினா 1,000 வரைக்கும் பிடிச்சுட்டு மீதியைத் திருப்பித் தரணும்னு இன்ஜினியரிங் காலேஜுங்களைக் கண்காணிக்கிற ஏஐசிடிஇ-யோட விதி இருக்கு, ரசீது இல்லாத பணத்துக்கு எதைக் காட்டிக் கேட்பீங்க? அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலன்னா கொடுக்காதீங்கணா. கொடுத்துட்டீங்கன்னா யார்கிட்ட, எந்தத் தேதியில, ரொக்கமா ஜிபேயான்னு இன்னைக்கே எழுதி வச்சுட்டு எனக்குச் சொல்லுங்க.