கூட்டிவந்தது அம்மா

கேள்வி: எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கக் கேட்டு அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ஐயாயிரம் பேர் உள்ள ஊர். குறைவெண்ணுக்கு, அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது 200 பேர் வேண்டுமே என்று, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை, அவர்களோடு வேலை செய்யும் அம்மாதான் கூட்டிவந்தார். 214 கையெழுத்து விழுந்தது. இப்போது அதே பெண்கள் மறியல் செய்கிறார்கள். அம்மா என்னோடு பேசுவதில்லை. ஊரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?
- இளைஞர் மன்றச் செயலாளர்

பதில்: தம்பி, ஊரை அப்புறம் பார்ப்போம். ‘அம்மாதான் கூட்டிவந்தார்’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஊராட்சி மாநகராட்சிக்குள் போனால் நூறு நாள் வேலை கிடையாது. அது கிராமத்துக்கான திட்டம். மனு எழுதிய உங்களுக்கு இது தெரியும். அம்மாவிடம் சொன்னீர்களா? ஏரிக்கரையில் மண் சுமந்து, தன் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில் கூலி வாங்குகிறவர் அவர். அந்தக் கூலியை நிறுத்தும் தீர்மானத்துக்கு அவரையே ஆள் சேர்க்க அனுப்பியிருக்கிறீர்கள். மகன் கேட்டான் என்று ஒவ்வொரு வாசலாக நின்று கூப்பிட்டிருப்பார். நாளைக்குக் குழாயடியில் அந்தப் பெண்கள் முகத்தில் விழிக்க வேண்டியவரும் அவர்தான். பெற்றவளுக்கு இதைச் செய்துவிட்டு, ஊரைச் சம்மதிக்க வைக்க வழி கேட்கிறீர்கள்!

அந்த 214 கையெழுத்தும் வருகைப் பதிவேட்டில் விழுந்தவை. ‘வந்தேன்’ என்று போட்டதை ‘சரி’ என்று போட்டதாக எண்ணிக்கொண்டீர்கள்.

இணைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாதாளச் சாக்கடை வரலாம், குடிநீர் சீராகலாம். ஆனால் வீட்டு வரி கூடும். 2024-ல் புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி, திருவண்ணாமலை மாநகராட்சி ஆனபோதும் சுற்றுப்பட்டு ஊராட்சிகள் கேட்டது இந்த வரியையும் வேலையையும் பற்றித்தான். கடைசியில் அரசாணை போடுவது அரசு. அதற்கு முன்னால் ஊர் கூடித் தன் வாயால் பேசக் கிடைத்த இடம் கிராம சபை. அதைத் தலை எண்ணும் இடமாக ஆக்கிவிட்டீர்கள்.

இன்றைக்கே அம்மாவிடம் போய், “தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன்” என்று ஒப்புக்கொள்ளுங்கள். சமாதானம் பேச வேண்டாம். பிறகு ஒரு தாளில் என்ன வரும், என்ன போகும் என்று எழுதிக்கொண்டு, வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் அந்தி நேரத்தில் தெருத் தெருவாக உட்காருங்கள். காலனித் தெருவிலிருந்து தொடங்குங்கள். நூறு நாள் வேலை போனால் அதற்குப் பதிலாக என்ன என்று கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லுங்கள்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்துக்கு அடுத்த கிராம சபை வருகிறது. பழைய தீர்மானத்தை அங்கே மறுபடி எடுக்கச் சொல்லி நீங்களே எழுந்து கேளுங்கள். கையெழுத்துக்கு முன்னால் முழுவதையும் உரக்க வாசிக்கட்டும். அம்மா எழுந்து ‘வேண்டாம்’ என்றால், அதுவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை ஊராட்சிச் செயலர் பக்கத்திலேயே நில்லுங்கள்.