பூனைக் கண்காட்சிக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு வேறு வேலையே இல்லையா?

பூனைக் கண்காட்சி பற்றிய ஓர் ஒலி ஆவணத் தொகுப்பைக் கேட்டுவிட்டு இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாரோ பூனை வளர்க்க ஆரம்பித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு கோபம் வராது.

அந்தக் கூடத்தில் பூனைகள் பெரும்பாலும் சுருண்டு தூங்கும். மைக்கில் விழுவது வளர்ப்பவர்கள் பேச்சு மட்டும்தான். குழந்தையை நாம் பார்க்காமல், அதைக் கொஞ்சுகிற தாயின் குரலை மட்டும் கேட்டால் அதுவும் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும்.

நானும் போயிருக்கிறேன், இங்கிலாந்தில். என்னுடையது சாதிப் பூனை இல்லை. காப்பகத்திலிருந்து எடுத்து வந்த கறுப்பு வெள்ளைக் கடுவன். வீட்டுப் பூனைகளுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. இன இலக்கணம் எதுவும் பார்ப்பதில்லை. உடல்நலம், சுபாவம், பராமரிப்பு, இவ்வளவுதான். கூண்டுக்குள் விரிப்பு, தண்ணீர்க் கிண்ணம், பூனை மலஜலம் கழிக்கிற தட்டு எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். யாருடைய பூனை என்று நடுவருக்குத் தெரியக் கூடாதாம். அவர் பார்க்கும் நேரத்தில் நம்மைக் கூடத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். ‘நடுவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக ஆசைப்படும் பூனை’ என்று ஒரு போட்டி. அதில் என் கடுவனுக்கு முதலிடம். காசெல்லாம் கிடையாது, சிவப்பு ரிப்பனைப் பூ மாதிரி மடித்துச் செய்த ஒரு ரொசெட். அதைச் சட்டம் போட்டுப் பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். உறவினர்கள் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

பெர்ஷியன் பூனையின் மூக்கைத் தலைமுறை தலைமுறையாகச் சப்பையாக்கி மூச்சுத் திணற வைத்தவர்கள்தானே இவர்கள் என்று கீழே ஒருவர் கட்டாயம் எழுதுவார். நியாயமான குற்றச்சாட்டு, மறுக்க மாட்டேன். ஆனால் 1871 ஜூலையில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் கண்காட்சி நடத்தி இதையெல்லாம் தொடங்கிவைத்த ஹாரிசன் வெயர் என்ற ஓவியர், எலி பிடிக்க மட்டுமே வைத்திருந்த சாதாரணப் பூனைக்கு ஒரு மரியாதை வரட்டும் என்றுதான் ஆரம்பித்தார். பிற்பாடு, பூனை நலத்தைவிடப் பரிசுதான் பெரிதாகிவிட்டது என்று வெறுத்துப்போய், தான் தலைவராக இருந்த சங்கத்தையே விட்டு விலகினார். உங்களைவிடக் கடுமையாக இவர்களைத் திட்டியவர் அவர்தான்.

இன்னொன்று, நேரம். குறித்த நேரத்துக்குப் பூனை கூண்டில் இல்லை என்றால் போட்டி கிடையாது. எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழா நாலு மணி என்று அழைப்பிதழ் வரும். ஆறரைக்கு மைக் டெஸ்டிங். குத்துவிளக்கு ஏற்றுகிறவர் அதற்கும் அப்புறம்தான் வருவார். பிள்ளைகள் பசியில் அழும். கேட்டால் நான் ஆகாதவன். சரி, அது வேறு கதை.

ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். மதியத்துக்கு மேல் போனால் சொந்தக்காரர்கள் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், நன்றாகப் பேசுவார்கள். கூண்டுக்குள் விரலை மட்டும் நீட்டாதீர்கள். நடுவரே ஒவ்வொரு பூனைக்கும் கையைக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார்; நீங்கள் நீட்டினால் திட்டு நிச்சயம்.