பழைய டிராமை அருங்காட்சியகத்தில் எதற்காக ஓட்டுகிறார்கள்?

டிராம் என்பது தெருவில் பதித்த தண்டவாளத்தில், தலைக்கு மேல் போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் வண்டி. சென்னையில் 1895 முதல் 1953 வரை ஓடியது. காரைக்குடியிலிருந்து பட்டணம் போன நம் ஐயாக்கள் சிலர் ஏறியிருப்பார்கள்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் சீஷோர் டிராலி மியூசியம் என்ற டிராம் அருங்காட்சியகம் இருக்கிறது. 1939-இல் ஒரே ஒரு திறந்த டிராமை வாங்கித் தொடங்கினார்கள். இன்றும் அங்கே பழைய வண்டிகளில் ஏறிப் போகலாம்.

சரி, சும்மா நிறுத்தி வைத்தால் என்ன? மோட்டார் சுருளில் ஈரம் ஏறும், கிரீஸ் இறுகும், சக்கரம் துருப்பிடிக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், ஓட்டத் தெரிந்த கை இல்லாமல் போவது. கைப்பிடியை ஒவ்வொரு படியாகத் திருப்பித்தான் வேகம் கூட்ட வேண்டும். அவசரப்பட்டால் வண்டி தூக்கிப் போடும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்துப் பழக முடியாது.

நம் ஊர் வீடுகளையே பாருங்கள். பூட்டிப் போட்ட வீட்டில் ஓடு நகர்ந்து மழை இறங்குவதுகூட யாருக்கும் தெரியாது. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிற வீடு நிற்கும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் காலடி பட்டால்தான் மினுங்கும்.

ஓட்டினால் தேய்ந்துவிடுமே என்பார்கள். பெரும்பாலும் தேய்வது சக்கரமும் பிரேக் கட்டையும்தான். அவை அந்தக் காலத்திலேயே மாற்றி மாற்றிப் போட்ட சாமான்கள்.