மன்னிப்பு கேட்ட பிறகும் – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் கார் நிறுவனமான ஃபோக்ஸ்வேகனின் நாஜிக் காலப் பின்னணியையும் 2020-இல் வந்த அதன் இனவெறி விளம்பரத்தையும் கண்டித்து நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. ஹிட்லர் காலத்தில் பிறந்த கம்பெனி என்பதை இன்னும் எத்தனை நாள் குத்திக்காட்டுவது? அந்த விளம்பரத்துக்கு மன்னிப்பும் கேட்டுவிட்டார்கள். வேண்டுமென்றே செய்ததல்ல என்று விசாரணையிலும் சொன்னார்கள். நான் அவர்களுடைய கார் ஒன்றை புக் செய்திருக்கிறேன். ரத்து செய்ய வேண்டுமா?

செந்தில், திருப்பூர்

அன்புள்ள செந்தில்,

முதலில் பழைய கதையைப் பேசிவிடுவோம். 1937-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியது நாஜிகளின் தொழிலாளர் முன்னணி. கலைக்கப்பட்ட தொழிற்சங்கங்களிடமிருந்து பறித்த சொத்துதான் முதலீடு. முன்னணியின் சின்னம் பல்சக்கரம், அதன் நடுவே ஸ்வஸ்திகா. வி, டபிள்யூ என்ற இரண்டு எழுத்துகளைச் சுற்றி அந்தப் பல்சக்கரத்தைத்தான் முதலில் வரைந்தார்கள். வாரம் 5 மார்க் கட்டினால் கார் என்று சொல்லி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பணம் வாங்கினார்கள். ஒருவருக்கும் கார் கொடுக்கவில்லை. போர்க்காலத்தில் சுமார் 20,000 பேரைக் கட்டாய வேலை வாங்கினார்கள்.

இதற்காக இன்று அந்த வட்டச் சின்னத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லவில்லை. போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவத்தின் மேற்பார்வையில் ஆலை மறுபடி ஓடியது, பல்சக்கரம் போனது. பீட்டில் உலகமே விரும்பிய வண்டியாயிற்று. கட்டாய உழைப்பாளிகளின் நினைவாக 1999-இல் ஆலைக்குள்ளேயே, பழைய பதுங்கிடம் ஒன்றில், கண்காட்சியும் திறந்தார்கள். இது பெரிய காரியம். அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதலாக வருகிறது. தன் வரலாற்றை அறியாத கம்பெனி அல்ல இது. ஆனால் 2019-இல் அதன் தலைவர் ஹெர்பர்ட் டீஸ், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் வாசலில் இருந்த ‘உழைப்பு விடுதலை தரும்’ என்ற வாசகத்தில் உழைப்பை எடுத்துவிட்டு லாபத்தைப் போட்டுத் தன் அதிகாரிகள் முன்னால் பேசினார். பிறகு மன்னிப்பு கேட்டார். அடுத்த வருஷமே, நீங்கள் சொல்லும் அந்த விளம்பரம், கோல்ஃப் என்ற காருக்காக.

சில விநாடிகள்தான். அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மஞ்சள் நிறக் கார் நிற்கிறது. ராட்சத வெள்ளைக் கை ஒன்று கறுப்பு மனிதர் ஒருவரைக் காரிடமிருந்து தள்ளுகிறது, அப்புறம் விரலால் சுண்டி ஒரு காப்பிக்கடைக்குள் எறிகிறது. கடைசியில் ‘புதிய கோல்ஃப்’ என்பதன் ஜெர்மன் எழுத்துகள் வரிசை மாறித் தோன்றுகின்றன. ஒரு கணம், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லை அவற்றில் படிக்க முடிகிறது. இதை இப்படித் தவறாகப் புரிந்துகொண்டார்களே என்று அதிர்ச்சி தெரிவித்ததுதான் நிறுவனத்தின் முதல் பதில். கண்டனம் வலுத்த பிறகே, இது இனவெறி விளம்பரம், வெட்கப்படுகிறோம் என்றார்கள்.

வேண்டுமென்றே செய்யவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் யோசித்தவர், படம்பிடித்தவர், தொகுத்தவர், ஒப்புதல் தந்தவர் என்று எத்தனை பேர் கையைத் தாண்டி அது வெளியே வந்திருக்கும்! அந்தக் கை யாரைத் தள்ளுகிறதோ அவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கக்கூடிய ஒருவர், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தோடு அங்கே இருந்திருந்தால், அது முதல் மேசையைத் தாண்டியிருக்காது. என் புகார் இதுதான். இதற்கு மன்னிப்புக் கடிதம் மருந்தாகாது.

அதே குழுமத்தின் இன்னொரு கார் நிறுவனமான ஆடி (Audi), 2017-இல் சீனாவில் பழைய கார் விற்க ஒரு படம் எடுத்தது. கல்யாண மேடைக்கு வரும் மாமியார் மணப்பெண்ணின் மூக்கைப் பிடித்துப் பார்க்கிறார், காதை இழுக்கிறார், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல வாயைத் திறந்து பார்க்கிறார். பார்க்கவே கூசுகிறது. அதையும் விலக்கிக்கொண்டார்கள், அதற்கும் மன்னிப்பு.

நம் ஊரும் தப்பவில்லை. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஃபிகோவுக்கு 2013 மார்ச்சில் ஓர் இந்திய விளம்பர நிறுவனம் போஸ்டர் வரைந்தது. டிக்கி பெரியது என்று காட்ட, கையைக் கட்டி வாயை அடைத்த மூன்று பெண்களை அதில் போட்டிருந்தார்கள். டெல்லி மாணவிக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது; பாலியல் வன்முறைச் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிய அதே வாரம் அந்தப் படம் உலகமெங்கும் பரவியது. ஃபோர்டு அதை வெளியிடவே இல்லை. விளம்பரத்துறை விருதுப் போட்டிக்கு அனுப்பப்பட்ட படம் அது. சக படைப்பாளிகள் மெச்சுவார்கள் என்று நம்பி வரைந்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அந்த நிறுவனத்தில் சிலருக்கு வேலை போனது.

உங்கள் புக்கிங்கை ரத்து செய்ய வேண்டியதில்லை. எஞ்சினையும் பாதுகாப்பையும் சர்வீஸையும் பார்த்து வாங்குங்கள். வாங்கிய பிறகு, அவர்களோ வேறு கம்பெனியோ இப்படி ஒரு படம் போட்டால், அந்தக் கார் வைத்திருப்பவன் நான் என்று சொல்லி நிறுவனத்துக்கு எழுதுங்கள். மும்பையில் உள்ள விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கிக்கும் ஒரு புகார் அனுப்புங்கள், ஆன்லைனிலேயே முடியும்.