முழு சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்தால் படங்களில் வருவது போல ரத்தச் சிவப்பாகத் தெரியுமா? கண்ணுக்கு ஏதாவது ஆகுமா?

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. கறுப்புக் கண்ணாடி, வடிகட்டி எல்லாம் சூரிய கிரகணத்துக்குத்தான். இங்கே நீங்கள் பார்க்கப்போவது பௌர்ணமி நிலா, அதுவும் வழக்கத்தைவிட மங்கிப்போன நிலா. மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கலாம், வலித்தால் கழுத்துதான் வலிக்கும், அதனால் எதையாவது விரித்துப் படுத்துக்கொண்டு பாருங்கள். அப்புறம், வெறும் கண் என்று சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு "ஒன்றுமே சரியாகத் தெரியவில்லையே" என்று கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே பாருங்கள்.

இனி முதல் கேள்வி. சிவப்பு தெரியும், ஆனால் படத்தில் இருக்கிற சிவப்பு தெரியாது. அந்த எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நான் இரண்டு விதத்தில் ஏமாந்திருக்கிறேன், நிறம் அதில் ஒன்று.

இன்னொன்று நேரம். முதல் தடவை பார்க்கக் கிளம்பியபோது, கிரகணம் இத்தனை மணிக்குத் தொடங்கும் என்று எங்கேயோ படித்ததை நம்பி, சரியாக அந்த நேரத்துக்குப் போய் நின்றேன். நிலா முழுசாக, பளபளவென்று, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. பத்து நிமிடம் ஆனது, அரை மணி ஆனது, முக்கால் மணி ஆனது, அதே நிலா. இதற்கா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் காலையில்தான் புரிந்தது, நான் படித்த நேரம் நிலா பூமியின் புறநிழலுக்குள் நுழையும் நேரம் என்று. பூமியின் நிழல் இரண்டு அடுக்காக விழுகிறது. நடுவில் கருநிழல், சூரியனை பூமி முழுவதும் மறைத்துவிடும் பகுதி. அதைச் சுற்றிப் புறநிழல், அங்கே சூரியனின் ஒரு பகுதிதான் மறைந்திருக்கும், கொஞ்சம் வெளிச்சம் குறையும், அவ்வளவுதான். அதன் வெளிப்பகுதியில் நிலா இருக்கும்போது கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கருநிழலைத் தொடுவதற்கு இருபது முப்பது நிமிடம் முன்னால்தான், அந்தப் பக்க விளிம்பில் யாரோ அழுக்கு விரலால் தொட்டுவிட்டுப் போனது போல ஒரு மங்கல் வரும். ஆகவே பட்டியலில் "புறநிழல் தொடக்கம்" என்று போட்டிருந்தால் அதைத் தாண்டிப் போங்கள். "பகுதி கிரகணம் தொடக்கம்" என்று ஒரு நேரம் இருக்கும், அதற்குக் கால் மணி முன்னால் வெளியே வந்தால் போதும்.

ஒரு வசதி, சூரிய கிரகணம் மாதிரி ஊருக்கு ஊர் வேறு வேறு நொடியில் நடக்கிற விஷயம் இல்லை இது. நிழல் விழுவது நிலாவின் மேல்தான், ஆகவே அந்த நேரத்தில் நிலா எங்கெல்லாம் வானத்தில் இருக்கிறதோ, அதாவது ஏறக்குறைய பாதி பூமிக்கு, எல்லாருக்கும் ஒரே கணத்தில் நடக்கும். உலக நேரத்தில் (UTC) கொடுத்திருப்பதை உங்கள் கடிகார நேரத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

கருநிழல் தொட்ட பிறகு நிறைய பார்க்கலாம். நிலா மேற்கிலிருந்து கிழக்காகத் தன் பாதையில் போய்த்தான் நிழலுக்குள் நுழைகிறது, அதனால் அதன் கிழக்கு விளிம்புதான் முதலில் கறுக்கும். ஒரு மணி நேரத்தில் நிலா நகர்வது ஏறக்குறைய அதன் விட்டத்தின் அளவு, அதனால் முழுவதும் மூடச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். 2018 ஜூலை கிரகணத்தின்போது ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு புட்டி மூடியை வைத்து முன்கூட்டியே வட்டங்கள் போட்டு வைத்திருந்தேன், பத்து நிமிடத்துக்கு ஒரு வட்டம், அந்தந்த நேரத்தில் நிழலின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று வெறும் கண்ணால் பார்த்து வரைவது. மொத்தம் ஏழு வட்டம். வரைய ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, நிழலின் விளிம்பு கோடு மாதிரி இல்லை, மை ஊறிய காகிதம் மாதிரி கசிந்திருக்கிறது, எங்கே முடிகிறது என்று நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். ஆறாவது வட்டத்தில் ஒரு ஓரத்தில் கீற்றுதான் மிச்சம். ஏழாவதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் அந்த வளைவுகளை காம்பஸ் வைத்து நீட்டி வட்டமாக்கிப் பார்த்தேன், பூமியின் நிழல் நிலாவைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. உண்மையில் அது சுமார் 2.7 மடங்கு. என் கைக்கு அது மோசமில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அரிஸ்டார்கஸ் என்ற கிரேக்க வானியலாளர் இதை இரண்டு மடங்கு என்று எடுத்துக்கொண்டுதான் நிலாவின் அளவையும் தொலைவையும் கணக்குப் போட்டார். அவருக்கும் முன்னால் அரிஸ்டாட்டில், கிரகணத்தில் விழும் நிழலின் விளிம்பு எப்போதும் வளைவாகவே இருக்கிறது, அதனால் பூமி உருண்டை என்று வாதாடினார். தட்டையான தட்டாக இருந்தால் சில கோணங்களில் நிழல் நீள்வட்டமாகவோ கோடாகவோ விழ வேண்டுமே. கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் பார்த்தே செய்த வேலை இதெல்லாம்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். முதல் பாதியில் நிழல் விழுந்த பகுதி வெறும் கறுப்பாகத்தான் தெரியும், கடித்து எடுத்த மாதிரி. அங்கேயும் சிவப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மிச்சமிருக்கிற வெள்ளை வெளிச்சம் அவ்வளவு கூசுவதால் கண்ணால் அதைப் பிடிக்க முடியாது. முக்கால்வாசி மூடிய பிறகு, கறுப்பு என்று நினைத்திருந்த இடத்தில் துருப்பிடித்த இரும்பின் நிறம் மெல்ல ஏறும். எப்போது ஏறியது என்று கேட்டால் சொல்ல முடியாது. கீற்று முழுக்கப் போனதும் தட்டையாக இருந்த நிலா திடீரென்று உருண்டையாகிவிடும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்புவதில்லை, நேரில் பார்த்தவர்கள் மட்டும் தலையாட்டுவார்கள். ஒரு பக்கம் கொஞ்சம் வெளிச்சமாகவும், போகப்போக இருட்டாகவும் இருப்பதால் கண் அதைப் பந்தாக எடுத்துக்கொள்கிறது போல.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்றால், பூமியின் விளிம்பைச் சுற்றியுள்ள காற்று வழியாக நுழையும் சூரிய ஒளி கொஞ்சம் வளைந்து நிழலுக்குள் விழுகிறது. வழியில் நீலம் சிதறிப்போய்விடும், சிவப்பு மட்டும் மிஞ்சி வந்து சேரும். மாலையில் சூரியன் சிவப்பதும் இதே காரணத்தால்தான். படத்தில் அது கொதிக்கிற சிவப்பாக வருவதற்குக் காரணம், கேமரா சில நொடிகள் திறந்திருந்து வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கிறது, போதாததற்கு எடுத்தவர் நிறத்தையும் கூட்டிவிடுகிறார். நம் கண்ணால் சேர்த்து வைக்க முடியாது. வெளிச்சம் குறையக் குறைய நிறம் பார்க்கிற கூம்புச் செல்கள் ஓய்ந்துபோய், குச்சிச் செல்கள் வேலையை எடுத்துக்கொள்ளும், அவற்றுக்கு நிறம் தெரியாது. பெரும்பாலான கிரகணங்களில் நான் கண்ணால் பார்த்தது காய்ந்த செங்கல் நிறம், ஒருமுறை கிட்டத்தட்ட சாம்பல் கலந்த பழுப்பு. பக்கத்தில் யாராவது பைனாகுலர் வைத்திருந்தால் ஒரு நிமிடம் வாங்கிப் பாருங்கள், அது வெளிச்சத்தைக் கூட்டித் தருவதால் சிவப்பு சட்டென்று ஏறும். ஆனால் அதிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன்.

எந்தக் கிரகணம் எவ்வளவு சிவக்கும் என்று முன்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியாது. நிலா நிழலின் ஓரமாகப் போனால் ஒரு பக்கம் வெளிச்சமாகவே இருக்கும். 2015 ஏப்ரல் 4-இல் முழு மறைப்பு ஐந்து நிமிடம்கூட இல்லை. 2018 ஜூலையில் நிலா நிழலின் நடு வழியாகப் போனது, 103 நிமிடம் மறைந்திருந்தது, இந்த நூற்றாண்டிலேயே நீளமானது அதுதான். அதோடு பூமியின் காற்று அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். பெரிய எரிமலை வெடித்த பிறகு மேல் வளிமண்டலத்தில் தூசும் கந்தகத் துளிகளும் தங்கிவிடுவதால் வெளிச்சம் நிழலுக்குள் வராது. 1991-இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தது, 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா ஏறக்குறைய காணாமலே போனது. 1963-இல் பாலித் தீவில் ஆகுங் வெடித்த பிறகு வந்த டிசம்பர் கிரகணமும் அப்படித்தான்.

இதை அளக்க ஆந்த்ரே டான்ஜோன் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1921-இல் ஓர் அளவுகோல் கொடுத்தார், பூஜ்யத்திலிருந்து நான்கு வரை. நிலா இருக்கிற இடமே தெரியாவிட்டால் பூஜ்யம், சாம்பலோ பழுப்போ என்றால் ஒன்று, நடுவில் இருட்டான துருச் சிவப்பு என்றால் இரண்டு, செங்கல் நிறமும் மஞ்சள் விளிம்பும் என்றால் மூன்று, பளிச்சென்ற செம்பு நிறத்தோடு நீலம் தட்டிய விளிம்பு என்றால் நான்கு. முழு மறைப்பின் நடு நேரத்தில் வெறும் கண்ணால் பார்த்து ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காமல் எழுதுங்கள். கேட்டால் சண்டைதான் வரும், நான் இரண்டு என்பேன், நீங்கள் மூன்று என்பீர்கள்.

பைனாகுலரில் உட்காராதீர்கள் என்றேனே, அதன் காரணம் இதுதான்: கிரகணத்தில் நிலாவைவிட மற்ற வானம்தான் பார்க்க வேண்டியது. என் வரையில் முழு கிரகணத்துக்கு வெறும் கண்தான் சரியான கருவி. நிலாவின் வெளிச்சம் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைகிறது. பௌர்ணமி இரவு ஒரு மணி நேரத்துக்குள் அமாவாசை இரவாகிவிடும். 2011 ஜூன் கிரகணத்தை, விளக்கு வெளிச்சம் இல்லாத ஒரு வெட்டவெளியிலிருந்து பார்த்தேன். தொடங்கும்போது எண்ணிப் பத்துப் பதினைந்து நட்சத்திரம் இருந்திருக்கும், கீழே கிடந்த கூழாங்கல்லைக்கூடத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. நிலா மூடிக்கொண்டே போகப்போக, முதலில் விருச்சிகத்தின் வால் முழுதாகத் தெரிந்தது, அப்புறம் அதன் பக்கத்தில் வெளிறிய ஒரு மேகம், மேகம் வந்துவிட்டதே என்று சலித்துக்கொண்டேன். அது நகரவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, அது பால்வெளி. அன்றைக்கு நிலா நின்றதே பால்வெளியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில்தான். பௌர்ணமியன்று பால்வெளி தெரியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இதைப் பார்க்க வேண்டுமானால் கைபேசியை எடுக்கக் கூடாது. கண் இருட்டுக்குப் பழகக் கால் மணியிலிருந்து அரை மணி ஆகும், ஒரே ஒரு தடவை திரையைப் பார்த்தால் எல்லாம் முதலிலிருந்து. கைபேசியில் எடுக்கிற படமும் எப்படியும் ஓர் ஆரஞ்சுப் புள்ளியாகத்தான் வரும், யாருக்கும் காட்ட மாட்டீர்கள்.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன வித்தை. மேலே கண்ணாடியைக் கழற்றாதீர்கள் என்றேன், இதற்காக ஒரு நிமிடம் கழற்றலாம். கழற்றினால் மறைந்த நிலாவும் பக்கத்துக் கிரகமும் ஒரே மாதிரி மங்கல் வட்டமாகிவிடும், இரண்டில் எது வெளிச்சம் என்று எளிதாக ஒப்பிடலாம். 2018-இல் அதே இரவு செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே இருந்தது, நிலாவுக்குப் பக்கத்திலேயே. என் கண்ணுக்கு அன்று செவ்வாய்தான் ஜெயித்தது.

அடுத்து எப்போது என்று கேட்பீர்கள். 2026 மார்ச் 3-க்குப் பிறகு முழு கிரகணம் 2028 டிசம்பர் 31-இல்தான், 71 நிமிடம். ஆசியா, ஆஸ்திரேலியா பக்கம் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2029-இல் இரண்டு, ஜூன் 26-உம் டிசம்பர் 20-உம், ஜூன் மாதத்தில் வருவது 102 நிமிட நீளம், அது அமெரிக்கக் கண்டங்களுக்கு வசதி. நடுவில் 2026 ஆகஸ்ட் 28-இல் நிலாவின் விட்டத்தில் 93 சதவீதம் மறையும், ஆனால் மிஞ்சும் அந்தக் கொஞ்சம் வெள்ளை வெளிச்சம் இருட்டைக் கெடுத்துவிடும், அது பகுதி கிரகணம்தான்.

ஒன்று மறந்துவிட்டேன். நிலா முழுசாகச் சிவந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள், பார்த்தாயிற்று என்று. போகாதீர்கள். முழு மறைப்பு முடிகிற நேரம் வந்ததும் நிலாவை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றும், கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் மாறாது, அப்புறம் ஏதோ ஒரு நிமிடத்தில் உங்கள் காலடியில் உங்கள் நிழல், மிக மங்கலாக, திரும்ப வந்து கிடக்கும். ஒரு தடவை அப்படி வந்தபோது நான் கையைத் தூக்கிப் பார்த்தேன், அதுவும் தூக்கியது.